வண்டி விலை இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது

பழைய பெரிய எஸ்யூவி வாங்குகிற எல்லோரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம், நானும் அதையேதான் போட்டேன். ஷோரூமை விட்டு வெளியே வரும்போது ஆன்ரோடு 17 லட்சம் ஆன 2016 மாடல் டீசல் வண்டி, ஆறு வருஷம் கழித்து 6.5 லட்சத்துக்குக் கிடைக்கிறது. அதே காசுக்குப் புதுசு வாங்கினால் நாலு பேர் முட்டி இடிக்க உட்காரும் சின்ன கார்தான் வரும். வீட்டில் அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்புறம் எந்தப் பயணத்திலும் எப்படியாவது ஒட்டிக்கொள்ளும் ஓர் அத்தை. ஏழு சீட் வேண்டும், டீசல் வேண்டும், கொடைக்கானல் மலையில் மூச்சு வாங்காமல் ஏற வேண்டும். வாங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று. வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, ஆனால் அதற்குள் இருக்கும் சாமான்களின் விலை ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை, சொல்லப்போனால் வருஷா வருஷம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் 6.5 லட்சத்து வண்டி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்பேர் கடைக்காரருக்கு அது இன்னமும் 17 லட்சத்து வண்டிதான்.

இது எனக்கு உறைத்தது வாங்கிப் பதினாலு மாதம் கழித்து, கிளட்ச் போனபோது. சர்வீஸ் சென்டரில் ஏசி ஹாலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, எஸ்டிமேட்டை நீட்டினார்கள்: 74,000 ரூபாய். ஏதோ ஒரு சைபர் கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் என் மச்சானின் சின்ன பெட்ரோல் காருக்கு அதற்கு முந்தைய மாதம்தான் கிளட்ச் மாற்றினோம், எல்லாம் சேர்த்து 9,000. கிளட்ச் என்பது கிளட்ச்தானே, எட்டு மடங்கு எப்படி?

வண்டியை எடுத்துக்கொண்டு மதுரையில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போனேன். கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே இருந்து கழற்றியதைச் சாக்கு விரித்துக் கீழே வைத்தார். ஒரு பெரிய தோசைக்கல் அளவுக்கு இருந்தது, தூக்க இரண்டு கை வேண்டும். “தம்பி, இது ஒரே துண்டு இல்ல பாருங்க”ன்னு சொல்லி ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பாதியைத் திருப்பினார். லொடக் லொடக் என்று ஆடியது. அதுதான் டூயல் மாஸ் பிளைவீல், இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் சுழலும் கனமான சக்கரம். கிளட்ச்சோடு இதையும் மாற்ற வேண்டியிருந்ததால்தான் அந்த எட்டு மடங்கு.

விஷயம் இதுதான். சின்ன காரில் பிளைவீல் என்பது வெறும் இரும்புச் சக்கரம், அதற்கு ஆயுள் என்று ஒன்றும் கிடையாது, வண்டி காயலான் கடைக்குப் போகும்வரை அப்படியே இருக்கும். பெரிய டீசல் இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை அந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜினைப்போல் மூன்று மடங்கு, அதுவும் சீராக வராது, ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் சம்மட்டி அடி மாதிரி வரும். அந்த அடி கியர்பாக்ஸுக்குப் போனால் பற்கள் தேயும், சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பு அதிரும். அதனால் பிளைவீலை இரண்டாகப் பிளந்து, நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகளை வைத்து, கிரீஸ் அடைத்துவிட்டார்கள். ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, இப்போது பெரிய டீசல் வண்டிகளில் இது சர்வ சாதாரணம். ஓட்டும்போது சுகமாக இருக்கிறது என்று நாம் மெச்சிக்கொள்வதில் பாதி அந்த ஸ்பிரிங்குகளின் வேலை. ஆனால் ஸ்பிரிங் என்று வந்துவிட்டாலே தேய்மானம் வந்துவிட்டது. மலைப்பாதையில் ஏழு பேரோடு ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றுவது, டிராஃபிக்கில் கால் கிளட்ச் பெடலிலேயே குடியிருப்பது, மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது, எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். அண்ணன் என் இடது காலைப் பார்த்துச் சிரித்தார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் அவரிடம் 51,000-இல் முடிந்தது. அதே சாமான்தான், டப்பா மட்டும் வேறு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கார் கம்பெனி தன் வண்டியில் இருக்கும் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. கிளட்ச் ஒருவர், பிரேக் ஒருவர், ஷாக் அப்சர்பர் ஒருவர், பேரிங் ஒருவர் என்று வெளியில் இருந்து வாங்கிப் பூட்டுகிறது. அதே சப்ளையர் அதே சாமானைத் தன் பெயரிலேயே டப்பாவில் போட்டுச் சந்தையில் விற்றால் கணிசமாக விலை குறையும். ஸ்பேர் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் இருந்து பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டால் மறுநாள் காலையில் மதுரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் எல்லாச் சாமானும் இப்படி வெளியே கிடைக்காது என்பதுதான் வம்பு.

ஏன் கிடைக்காது என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, வண்டி வைத்திருக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. குற்றச்சாட்டு ரொம்ப எளிமையானது: ஒரிஜினல் ஸ்பேரையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள், அதனால் வண்டியை வாங்கியவருக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போனது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக் கதை. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்து, டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. இதனால் ஷெட்டுகளின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது, முழுசாக மாறவில்லை. இன்றைக்கும் எங்கள் அண்ணன் ஷெட்டில் எரர் கோடு படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் புது சாவி ப்ரோகிராம் செய்வது, இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றினால் அதற்கு இந்த வண்டியை அறிமுகம் செய்துவைப்பது, ஏர்பேக் வேலை, இதெல்லாம் வந்தால் “கம்பெனிக்கே விட்டுருங்க தம்பி” என்று கையை விரித்துவிடுவார்.

சரி, கிளட்ச் ஒரு தடவை. மற்றதெல்லாம் தவணை முறையில் வந்துகொண்டே இருக்கும், அதற்கு அடிப்படைக் காரணம் எடை. சின்ன கார் 900 கிலோவுக்குள் இருக்கும். இந்த வண்டி வெறுமையாகவே 1,800 கிலோ பக்கம், ஏழு பேரும் லக்கேஜும் ஏறினால் இரண்டரை டன்னைத் தொட்டுவிடும். அதே வேகத்தில் வரும் இரண்டு மடங்கு எடையை நிறுத்த இரண்டு மடங்கு சூட்டைப் பிரேக் தாங்கியாக வேண்டும், அதனால் பேடும் டிஸ்க்கும் பெரிசு, தேய்வதும் அதிகம். டயர் 17 இன்ச், நாலும் மாற்றியபோது 52,000 ஆனது, மச்சானுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இன்ஜின் ஆயில் அவருக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல், எனக்கு ஆறு லிட்டருக்கு மேல். வண்டி பெரிசு என்றால் சீட் மட்டும் பெரிசாகாது.

அப்புறம் கீழே இருக்கும் ரப்பர் புஷ்கள். நம் ஊர்த் தெருக்களில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைக்குக் குறைவில்லை, பெரிய வண்டிதானே என்று அதை நாம் வேகம் குறைக்காமல் ஏற்றி இறக்குகிறோம். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷுக்குத் தெரியும். புஷ் விலை 600 ரூபாய்தான், ஆனால் அதைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தி எடுத்துப் புதுசு ஏற்றி, திரும்ப வீல் அலைன்மென்ட் பார்த்துத் தர 3,500. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சில சர்வீஸ் சென்டர்களில் புஷ் மட்டும் தனியாக மாற்றித் தரவே மாட்டார்கள், முழு ஆர்மையும் மாற்றச் சொல்வார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, நேரம் மிச்சம், வாரன்டி கொடுக்கலாம். ஆனால் காசு நம்முடையது. அதனால் எஸ்டிமேட்டில் எங்கெல்லாம் ‘அசெம்ப்ளி’ என்ற சொல் வருகிறதோ அங்கே விரலை வைத்து, உள்ளே இருக்கும் சின்னச் சாமான் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஏசியையும் சொல்லிவிடுகிறேன். பின் சீட்டுக்குத் தனியாக ஏசி இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்பார்கள். அதன் பொருள், பின்னால் இன்னொரு கூலிங் காயில், அதுவரைக்கும் வண்டியின் வயிற்றுக்கு அடியில் ஓடும் நீளமான இரண்டு அலுமினியக் குழாய்கள். சேறும் தண்ணீரும் கல்லும் படுவது அங்கேதான். வருஷா வருஷம் மே மாதம் கேஸ் அடித்துக்கொண்டே இருந்தேன், மூன்றாவது வருஷம்தான் பின் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது தெரிந்தது. லீக் எங்கே என்று பார்க்காமல் கேஸ் மட்டும் அடிக்கிற கடைக்கு மறுபடி போவதில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு, பிஎஸ்-6 என்ற கடுமையான புகை விதிப்படி வந்த டீசல் வண்டி பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று சேர்கிறது. என் வண்டியில் அது இல்லை, அத்தான் வண்டியில் இருக்கிறது: டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. பிடித்த கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும், அதற்கு 600 டிகிரி பக்கம் சூடு ஏற வேண்டும், நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிஷம் சீராக ஓட்டினால் தானாக நடந்துவிடும். அத்தானின் வண்டி காலையில் பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், மாலையில் திரும்பி மூன்று கிலோமீட்டர். எரிக்க ஆரம்பிப்பதற்குள் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவார். சூடு ஏற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி பிஸ்டன் பக்கமாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஒருநாள் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டு “ஆயில் குறையவே இல்லடா, கூடியிருக்கு” என்று சந்தோஷமாகப் போன் செய்தார். கூடியிருந்தது ஆயில் இல்லை. அந்த வடிகட்டியின் விலையை விசாரித்த அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். நல்லவேளை, மாற்றும் அளவுக்குப் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பத்தோடு நாலுவழிச் சாலையில் போய்ப் பருத்திப்பால் குடித்துவிட்டு வருகிறார்கள், வண்டிக்கு மருத்துவம், பிள்ளைகளுக்கு ஊர்சுற்றல். அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துத் தருகிறேன் என்று சொல்லும் ஷெட்டுகள் உண்டு. அது சட்டப்படி தப்பு, பின்னால் விற்கும்போதும் சங்கடம். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுபவர் டீசலே வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

‘இன்சூரன்ஸ் இருக்கே’ என்பார்கள். தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் இன்சூரன்ஸ் வராது, இடித்தால் உடைந்தால்தான். அதிலும் பழைய வண்டிக்குக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்: பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி எல்லாவற்றுக்கும் பாதி, ஐந்து வருஷம் தாண்டிய வண்டியின் இரும்புச் சாமானுக்கு 40 சதவீதம், பத்து வருஷம் தாண்டினால் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்லை. இதைத் தவிர்க்கத்தான் தேய்மானம் கழிக்காமல் தரும் ‘பம்பர் டு பம்பர்’ கவர் எடுப்பது, ஆனால் வண்டிக்கு வயசாகிவிட்டால் அதைத் தர யோசிக்கிறார்கள். போன வருஷம் ஒரு பள்ளி வேன் ரிவர்ஸ் எடுத்து என் முன்பக்கத்தை நசுக்கியது, பம்பர், கிரில் எல்லாம் 40,000 ரூபாய்ச் சாமான். பாதி கழிந்தால் 20,000, 1500 சிசிக்கு மேல் போன வண்டிக்குக் கட்டாயப் பிடித்தம் 2,000, கைக்கு வருவது 18,000. சரி என்று கையெழுத்துப் போடப் போனவன், நோ கிளெய்ம் போனஸ் நினைவுக்கு வந்து நிறுத்தினேன். கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்காக எனக்கு பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. கிளெய்ம் செய்தால் அது பூஜ்யம், அப்புறம் 20, 25, 35, 45 என்று படிப்படியாகத்தான் திரும்ப ஏறும். சொந்தச் சேதத்துக்கான முழு பிரீமியம் 14,000 என்று வைத்துக் கூட்டிப் பார்த்தால், ஐந்து வருஷத்தில் இழப்பது 17,500. ஐந்நூறு ரூபாய்க்காகவா சர்வேயருக்குக் காத்திருப்பது? வேன்காரரோடு பேசிப் பாதி வாங்கிக்கொண்டு, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடையில் இருந்து கழற்றிய பம்பரை வரவழைத்துப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டேன்.

வெள்ளம் மட்டும் வேறு கணக்கு. எஸ்யூவி உயரமாக இருப்பதால் தண்ணீருக்குள் போகும் என்று ஒரு துணிச்சல் வந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் நின்றுபோன வண்டிகளில் பெரிய வண்டிகளும் இருந்தன. இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் வண்டியின் உண்மையான உயரம். அதற்குள் தண்ணீர் போய்விட்டால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து அதனால் இன்ஜின் போயிருந்தால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இல்லாதவருக்கு இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். மழை ஊரில் இருப்பவர் வேறு எதைச் சேர்க்காவிட்டாலும் அந்த ஒரு கவரைச் சேர்த்துவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு புதுசே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே வரி காத்திருக்கிறது. முன்பு நீளம் 4 மீட்டருக்கு மேல், இன்ஜின் 1500 சிசிக்கு மேல், தரையில் இருந்து உயரம் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்று மூன்றும் இருந்தால் ஜிஎஸ்டி 28, செஸ் 22, மொத்தம் 50 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 ஆகியிருக்கிறது. அதோடு தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் என்றால் 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் என்றால் 20 சதவீதம் ஆயுள் வரி. அதே செப்டம்பரில் 28-இல் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் வரியும் 18 ஆனது, எங்களைப்போன்ற பழைய வண்டிக்காரர்களுக்கு உண்மையான ஆறுதல் அதுதான்: 10,000 ரூபாய்ச் சாமானுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இன்னும் மலிவாக வேண்டும் என்பவர்கள் ‘டெல்லி வண்டி’ பக்கம் போகிறார்கள். டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது, அதற்குப் பிறகும் வழக்கு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் அங்கே நல்ல நிலையில் இருக்கும் பெரிய டீசல் வண்டிகள் மலிவாகத் தள்ளப்பட்டுத் தெற்கே வருகின்றன. அங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி, அலைச்சல் எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அதைவிட, அந்த மலிவு வண்டிக்குள் இருப்பதும் அதே விலை பிளைவீல்தான்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். வாங்கிய விலையை மறந்துவிட்டு, புதுசில் என்ன விலையோ அதில் மூன்றரை சதவீதத்தை வருஷத்துக்கு எடுத்து வைக்கிறேன், என் வண்டிக்கு மாதம் 5,000. டயர், பேட்டரி, கிளட்ச் எல்லாம் அதற்குள். இது என் கைக்கணக்கு, எல்லா வண்டிக்கும் சரியாக வரும் என்று சொல்லமாட்டேன். ஒரு மாதம் ஒன்றும் செலவில்லை என்றால் அந்தக் காசைத் தொடுவதில்லை, இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் தீபாவளி வரும். பிரேக், சஸ்பென்ஷன், ஏசி, ஆல்டர்னேட்டர் எல்லாம் ஷெட்டில், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது கம்பெனியில். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் நம்பரை அடித்து ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருந்தால் இரண்டாவது கைக்கும் இலவசமாகத்தான் மாற்றித் தருவார்கள். தள்ளிப்போடக் கூடியது எது, கூடாதது எது என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கதவு பீடிங், கீறல், பின் சீட் ரீடிங் லைட் எத்தனை வருஷமானாலும் காத்திருக்கும். டீசல் ஃபில்டரும் கூலன்ட்டும் காத்திருக்காது. 300 ரூபாய் கூலன்ட் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டு, இன்ஜின் சூடேறி அதன் ஹெட்டையே கழற்ற வேண்டிவந்த வண்டி அவர் ஷெட்டில் போன மாதம்கூட நின்றது.

யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலையா என்றால் ஆமாம். ஆனால் சித்திரைத் திருவிழாவுக்கு அழகரைப் பார்த்துவிட்டு, நடுராத்திரி மூன்று மணிக்கு, பின் சீட்டில் அத்தை குறட்டை விட, பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்க, ஏழு பேரும் ஒரே வண்டியில் வீடு திரும்பியபோது 74,000 நினைவுக்கு வரவில்லை. முன் இடது சக்கரத்தில் இருந்து டக் டக் என்று ஒரு சத்தம் வந்தது, அதுதான் நினைவில் இருக்கிறது. லிங்க் ராடாக இருக்கும் என்கிறார் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.